பட்டை வடிவம் சொன்ன பொய்: காப்பிட்டில் குரங்கு மலேரியா பிடிபட்ட விதம்

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், ரஜாங் ஆற்றங்கரையில் காப்பிட் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. இந்த ஆய்வு நடந்த 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே போய்ச் சேரச் சாலை கிடையாது. சிபு நகரத்திலிருந்து விரைவுப் படகு ஏற வேண்டும். சுற்றிலும் காடு. ஆற்றோரமாக இபான் மக்களின் நீள்வீடுகள்: ஒரே கூரை, ஒரே நீளத் திண்ணை, வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு குடும்பம். மலைச்சரிவில் நெல்லும் மிளகும் போடுவார்கள். வேட்டைக்குப் போவார்கள். மரம் வெட்டும் முகாம்களில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்வார்கள். காய்ச்சல் வந்தால் காப்பிட் மருத்துவமனை.

அந்த மருத்துவமனையின் பதிவேட்டில்தான் ஒரு பொருந்தாத விஷயம் இருந்தது. மலேரியா நோயாளிகளில் கணிசமானவர்களின் பெயருக்கு எதிரே ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்று எழுதியிருந்தது. மனிதரைத் தாக்கும் நான்கு மலேரியா ஒட்டுண்ணிகளில் இதுதான் சாது. ஃபால்சிபாரம் ஆளைக் கொல்லும். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து திரும்பத் திரும்ப வரும். ஓவேல் அபூர்வம். மலேரியே என்பதோ ரத்தத்தில் கொஞ்சமாக இருந்துகொண்டு, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலைக் கிளப்பிவிட்டு, பல பேருக்கு இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் கிடக்கும். மருத்துவமனையில் படுக்கிற அளவுக்குப் போவது அரிது.

காப்பிட்டில் வந்தவர்கள் அப்படி இல்லை. நல்ல காய்ச்சலோடு வந்தார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி எண்ணிக்கை மலேரியேவுக்குப் பழக்கமில்லாத அளவுக்கு ஏறியிருந்தது. பெரும்பாலும் பெரியவர்கள். ஒரே வீட்டில் நான்கைந்து பேருக்கு ஒன்றாக வந்ததாகவும் இல்லை. வீட்டுக்குள் கொசு கடித்துப் பரவும் மலேரியா என்றால் குழந்தைகள் முதலில் விழ வேண்டும், பக்கத்து அறைக்காரர் அடுத்து விழ வேண்டும். இங்கே காட்டுக்குப் போய்வந்த ஆள் மட்டும் தனியாக விழுந்தார்.

சரவாக் பல்கலைக்கழகத்தில் இருந்த பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் அவர்களுடைய குழுவும் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இதை ஆய்வுக்கு எடுத்ததற்கு இந்தப் பொருந்தாமைதான் காரணம். பதிவேட்டில் இருந்த பெயர் பாடப்புத்தகப்படி சரி. நோயாளி மட்டும்தான் அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை. இப்படி வரும்போது நாம் பெரும்பாலும் நோயாளியைத்தான் ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்குவோம். இவர்கள் பெயரைச் சந்தேகப்பட்டார்கள்.

கண்ணாடித் தகட்டில் என்ன தெரிந்தது

மலேரியா சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இந்தத் தவறின் இயல்பு புரியும். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, காயவைத்து, ஜீம்சா சாயத்தில் ஊறவைத்து, கழுவி, எண்ணெய் விட்டு, நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். வெளிர் இளஞ்சிவப்பில் வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். அவற்றில் சிலவற்றுக்குள் நீல நிறத்தில் ஒட்டுண்ணி, அதனுள் சிவப்பாக ஒரு புள்ளி. ஆரம்பத்தில் மோதிரம் போல இருக்கும். வளர வளர உருவம் மாறும். மலேரியே ஒட்டுண்ணி வளர்ந்ததும், ரத்த அணுவின் குறுக்கே இடுப்புப் பட்டை கட்டியதுபோல ஒரு நீலக் கோடாக நிற்கும். இதைத்தான் ‘பட்டை வடிவம்’ என்பார்கள். அந்தப் பட்டையைப் பார்த்தால் மலேரியே என்று எழுது: உலகம் முழுக்க லேப் டெக்னீசியன்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்.

காப்பிட்டின் தகடுகளிலும் பட்டை இருந்தது. எழுதியவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். குரங்கிலிருந்து வரும் இன்னொரு ஒட்டுண்ணியும் அதே பட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்று அவருக்குத் தந்திருந்த விளக்கப்படத்தில் இல்லை; அது மனித மலேரியாவுக்கான படம்.

சரி, உருவம் ஒன்றாக இருந்தால் வேறு எதை வைத்துப் பிரிப்பது? மரபணுவை வைத்து. நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டை வடிதாளில் விட்டுக் காயவைத்தார்கள். இந்த எளிய உத்தி இல்லாவிட்டால் காப்பிட் மாதிரி இடத்தில் மரபணு ஆய்வு நடந்தே இருக்காது. ஐஸ் பெட்டி வேண்டாம், காய்ந்த தாளை உறையில் போட்டுப் படகில் அனுப்பலாம், மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆய்வகத்தில் அந்தக் கறையை ஊறவைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கினார்கள்.

அவர்கள் செய்தது இரண்டு சுற்றுப் பி.சி.ஆர். முதல் கேள்வி: இதில் பிளாஸ்மோடியம் இனத்தைச் சேர்ந்த ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்வி: நான்கில் எது? மலேரியேவா? இல்லை. ஃபால்சிபாரமா? இல்லை. வைவாக்ஸா, ஓவேலா? இல்லை, இல்லை. வாசலில் நிற்பவர் நம் சொந்தக்காரர்தான், ஆனால் குடும்பப் பட்டியலில் உள்ள எந்தப் பெயரும் அவருடையது இல்லை என்பது போன்ற நிலை.

ஆய்வகத்தில் இப்படி வந்தால் சுலபமான வழி, ‘மாதிரி கெட்டுப்போயிருக்கும்’ என்று ஒதுக்குவது. இவர்கள் எட்டு நோயாளிகளின் மாதிரிகளை எடுத்து, இரண்டு மரபணுக்களின் எழுத்து வரிசையை முழுக்கப் படித்தார்கள். ஒன்று ரைபோசோமின் சிறு துணை அலகுக்கான மரபணு. உயிருள்ள எல்லாவற்றிலும் இருப்பது, மெதுவாக மாறுவது, அதனால் உறவுமுறை பார்க்க ஏற்றது. இன்னொன்று, கொசுவிலிருந்து மனித உடலுக்குள் வரும் பருவத்தில் ஒட்டுண்ணி போர்த்திக்கொண்டிருக்கும் மேலுறைப் புரதத்துக்கான மரபணு. இரண்டும் ஒரே திசையைக் காட்டின: பிளாஸ்மோடியம் நோலெசி. நீள்வால் குரங்குகளிலும் பன்றிவால் குரங்குகளிலும் வாழும் மலேரியா ஒட்டுண்ணி.

அதன்பின் நோலெசியை மட்டும் பிடிக்கும் பி.சி.ஆர். சோதனையைத் தாங்களே வடிவமைத்து, 2000 மார்ச் முதல் 2002 நவம்பர் வரை காப்பிட் மருத்துவமனைக்கு வந்த 208 மலேரியா நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். 120 பேருக்கு நோலெசி. நூற்றுக்கு 58. மலேரியே எத்தனை பேருக்கு? ஒருவருக்குக்கூட இல்லை. 2004 மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது.

இதற்கு முன்பே வந்த எச்சரிக்கைகள்

நோலெசி புதிதாக முளைத்த பூச்சி இல்லை. அதன் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஒரு நீள்வால் குரங்கின் ரத்தத்தில் இந்த ஒட்டுண்ணி தென்பட்டது. அதை ரீசஸ் குரங்குக்கு ஏற்றியபோது நோய் கடுமையாகிக் குரங்கு இறந்தது. அங்கிருந்த ராபர்ட் நோல்ஸும் பிராஜ் மோகன் தாஸ் குப்தாவும் 1932இல் இது ரத்தத்தின் வழியே மனிதருக்கும் தொற்றும் என்று காட்டினார்கள். சின்டன், மல்லிகன் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு நோல்ஸின் பெயரை வைத்தார்கள். அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது என்பதையும் குறித்தார்கள். தாஸ் குப்தாவின் பெயர் ஒட்டுண்ணியில் ஒட்டவில்லை. ஆராய்ச்சியில் பாதி அவருடையது என்பதை இந்தக் கதை சொல்கிற ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு இந்த ஒட்டுண்ணியை மருந்தாகவே பயன்படுத்தினார்கள். பென்சிலின் வருவதற்கு முன், மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோயாளிகளுக்குக் காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை செய்யும் முறை இருந்தது. அதற்காக நோலெசியை மனிதரிடமிருந்து மனிதருக்கு ரத்தம் வழியாக ஏற்றினார்கள். ஆளுக்கு ஆள் மாற்ற மாற்ற அதன் வீரியம் கூடிக்கொண்டே போனதால் கடைசியில் கைவிட்டார்கள். மனித உடலில் இதற்கு இடமுண்டு என்பது அப்போதே தெரிந்த சங்கதி. இயற்கையில் கொசு கடித்து வருமா என்பதுதான் பாக்கி.

அதற்கும் 1965இல் பதில் கிடைத்தது. தீபகற்ப மலேசியாவின் பஹாங் காட்டில் சில நாட்கள் வேலை பார்த்த அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் நாடு திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார். முதலில் ரத்தம் பார்த்தவர்கள் ஃபால்சிபாரம் என்றார்கள். பிறகு பார்த்தவர்கள் மலேரியே என்றார்கள். இப்போது திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரின் கண்ணும் சரியாகத்தான் பார்த்திருக்கிறது என்பது தெரியும். நோலெசியின் இளம் மோதிரப் பருவம் ஃபால்சிபாரம் போல இருக்கும், வளர்ந்த பருவம் மலேரியே போல இருக்கும். ஒரே நாளில் இரண்டு வேடமும் போட்டு முடித்துவிடும். அவருடைய ரத்தத்தைக் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்த பிறகே நோலெசி என்று உறுதியானது.

அவர் காய்ச்சல் பிடித்த அந்தப் பகுதியிலேயே அப்புறம் பெரிய சோதனை ஒன்று செய்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் 1,117 பேரின் ரத்தத்தை எடுத்து ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். நோலெசி இருந்தால் குரங்கு செத்துப்போகும். எந்தக் குரங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால், அமெரிக்கருக்கு வந்தது ஒரு அபூர்வத் தற்செயல், குரங்கு மலேரியா மனிதருக்குப் பெரிய விஷயம் இல்லை என்று 1970 வாக்கில் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு முப்பது வருடம் நின்றது.

சோதனை கவனமாகத்தான் செய்யப்பட்டது. ஆனால் கிராமத்தில் நலமாக இருந்தவர்களிடம் தேடினார்கள். நோலெசி நாளுக்கொரு தடவை பெருகும் ஒட்டுண்ணி, பிடித்தவரைப் பெரும்பாலும் சும்மா நடமாட விடாது. தேட வேண்டிய இடம் காட்டிலிருந்து காய்ச்சலோடு வந்தவர் படுத்திருக்கும் கட்டில்.

பழைய தகடுகளைச் சுரண்டியபோது

காப்பிட் முடிவு வந்ததும் இயல்பாக எழுந்த கேள்வி: இது புதிதாகத் தாவிய நோயா, அல்லது முன்பே இருந்து நாம் பார்க்காமல் விட்டதா? இதற்குச் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1996இல் சரவாக்கில் எடுத்த ரத்தத் தகடுகள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, பெயர் எழுதி, மூடிவைத்த தகடுகள். கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துபோன அந்த ரத்தத்தைச் சுரண்டி எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தார்கள். மலேரியே என்று எழுதிவைத்திருந்த தகடுகளில் பெரும்பாலானவற்றில் நோலெசி இருந்தது. லான்செட் கட்டுரைக்கு எட்டு வருடங்களுக்கு முந்தைய நோயாளிகள். அவர்கள் காய்ச்சலின் உண்மைப் பெயர் அந்தக் கண்ணாடியிலேயே இத்தனை நாளாகக் காத்துக் கிடந்தது.

2008இல் அதே குழு இன்னும் விரிவாகப் பார்த்தது. 2001 முதல் 2006 வரை சரவாக் மருத்துவமனைகளுக்கு வந்த 960 மலேரியா நோயாளிகளில் 266 பேருக்கு நோலெசி. பக்கத்து சபா மாநிலத்தின் 49 மாதிரிகளில் 41. தீபகற்பத்தின் பஹாங்கிலும் இருந்தது. அதோடு நான்கு மரணங்கள். நான்கு பேருக்கும் நுண்ணோக்கி முடிவு மலேரியே என்றுதான் இருந்தது. நான்கு பேரின் ரத்தத்திலும் பி.சி.ஆர். கண்டது நோலெசி.

இங்கே கணக்கு முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டுண்ணி பத்து மடங்கு பெருகுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மலேரியேவுக்கு ஒரு சுற்று மூன்று நாள், ஆக மூன்று நாளில் பத்து மடங்கு. நோலெசிக்கு ஒரு சுற்று ஒரே நாள், ஆக அதே மூன்று நாளில் ஆயிரம் மடங்கு. ‘மலேரியேதானே, வியாழக்கிழமை வாருங்கள், திரும்பப் பார்ப்போம்’ என்று திங்கட்கிழமை அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இந்த எண்ணே சொல்லும். சிறுநீரகமும் கல்லீரலும் நுரையீரலும் தாக்கப்படும். இத்தனைக்கும் நோலெசி மருந்துக்கு அடங்காத கிருமி இல்லை. காப்பிட் நோயாளிகள் பழைய குளோரோகுயினுக்கே நன்றாகக் குணமானார்கள். ஆர்ட்டிமிசினின் மருந்துகள் இன்னும் வேகமாக வேலை செய்கின்றன. முதல் நாளிலேயே தீவிரமாக எடுத்துக்கொண்டால் பிழைக்கக்கூடிய நோய். இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

குரங்குகளின் பக்கம்

மனிதரிடம் இருப்பது தெரிந்துவிட்டது. இது மனிதருக்குள் மனிதராகப் பரவுகிறதா, அல்லது ஒவ்வொரு தடவையும் குரங்கிலிருந்தே வருகிறதா? கட்டுப்பாட்டு வேலைக்கு இந்த வித்தியாசம் உயிர். மனிதருக்குள் பரவுகிறது என்றால் நோயாளியைக் குணப்படுத்தி, வீட்டுக்கு மருந்தடித்து, கொசுவலை கொடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். குரங்கிலிருந்து வருகிறது என்றால் இதெல்லாம் செய்தாலும் அடுத்த வாரம் காட்டுக்குப் போகிறவருக்கு மறுபடி வரும்.

காப்பிட்டைச் சுற்றிய காடுகளில் 108 குரங்குகளிடம் ரத்தம் எடுத்தார்கள்: 82 நீள்வால், 26 பன்றிவால். நூற்றுக்கு 94 குரங்குகளிடம் ஏதோ ஒரு மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. நோலெசி மட்டும் நூற்றுக்கு 78 குரங்குகளிடம். பல குரங்குகளில் மூன்று நான்கு வகை ஒட்டுண்ணிகள் சேர்ந்து குடியிருந்தன. குரங்குகளோ சாதாரணமாகத் தாவித் திரிந்துகொண்டிருந்தன. பழகிப்போன விருந்தாளி.

2011இல் வெளிவந்த இந்த ஆய்வு, ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியைக் குரங்கிலும் மனிதரிலும் ஒப்பிட்டது. குரங்குகளிடம் இருந்த வகைகள் அதிகம். மனிதரிடம் இருந்தவை குரங்குகளிடம் இருந்தவற்றோடு கலந்தே கிடந்தன, ‘மனித நோலெசி’ என்று தனிக்கிளை எதுவும் பிரியவில்லை. மனிதருக்குள்ளேயே நெடுநாள் சுற்றியிருந்தால் அப்படி ஒரு கிளை தெரிந்திருக்கும். மரபணு மாற்றங்களின் வேகத்தை வைத்து வயதும் கணக்கிட்டார்கள். நோலெசியின் பொது மூதாதை 98,000 முதல் 4,78,000 ஆண்டுகளுக்கு முந்தையது. தென்கிழக்கு ஆசியாவில் மனிதர் குடியேறுவதற்கு முன்பே குரங்குகளிடம் இது இருந்திருக்கிறது. ‘புதிய நோய்’ என்று செய்தித்தாள் எழுதியது நம்மைவிட மூத்த குடி. குரங்கின் காட்டுக்குள் நாம்தான் பிறகு போனோம்.

நடுவில் கொசு. இந்திரா வைத்திலிங்கமும் சரவாக் குழுவும் காப்பிட் காடுகளில் அனாபிலிஸ் லேட்டன்ஸ் என்ற கொசுதான் நோலெசியைச் சுமக்கிறது என்று கண்டார்கள். காட்டிலும் காட்டோர வயல்களிலும் இருட்டும் நேரத்தில் கடிக்கும் கொசு. குரங்கைக் கடிக்க மரக்கிளைக்கும் போகும், மனிதரைக் கடிக்கக் கீழேயும் வரும். வீட்டுக்குள் கட்டிய கொசுவலை வயலில் குனிந்து நிற்பவரைக் காப்பாற்றாது. சபாவில் இதே வேலையை அனாபிலிஸ் பலபாசென்சிஸ் செய்கிறது.

மரபணு ஆய்வு இன்னும் ஆழமாகப் போனபோது யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. 2015இல் வெளியான ஆய்வில், மனிதரிடமிருந்தும் குரங்குகளிடமிருந்தும் எடுத்த 599 நோலெசி மாதிரிகளைப் பார்த்தபோது, இரண்டு தெளிவான கூட்டங்கள் தெரிந்தன. ஒன்று நீள்வால் குரங்குகளோடு இருப்பது, மற்றது பன்றிவால் குரங்குகளோடு இருப்பது. காப்பிட் நோயாளிகளிடம் இரண்டும் இருந்தன. அதாவது காப்பிட்டில் ‘குரங்கு மலேரியா’ என்று நாம் ஒன்றாகச் சொன்னது இரண்டு தனித்தனி ஓட்டங்கள், மனிதரிடம் வந்து சந்திக்கின்றன. முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தபோது தீபகற்ப மலேசியாவில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் புலப்பட்டது. ஒரே மனித உடலில் இரு வகையும் சேர்ந்தால், கொசுவுக்குள் அவை கலந்து புது வார்ப்பு பிறக்க வழி உண்டு. அதனால்தான் மரபணுக் கண்காணிப்பை ஒரு தடவை செய்துவிட்டு மூடிவைக்க முடியாது.

மனித அணுவின் கதவு

குரங்குக்குப் பழகிய ஒட்டுண்ணி மனித ரத்த அணுவுக்குள் எப்படி நுழைகிறது? நோலெசி ஆய்வகத்தில் வளர்க்க வசதியானது என்பதால் இதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. 1965இல் அந்த நில அளவையாளரிடமிருந்து கிடைத்த ‘எச்’ என்ற ஒட்டுண்ணி வகையின் மரபணுக்களைத்தான் பின்னாளில் முழுமையாகப் படித்தார்கள், 2.35 கோடி எழுத்துகள், 14 குரோமோசோம்கள் கொண்ட அந்த மரபணுத் தொகுதி 2008இல் வெளியானது. ராபர்ட் மூன் குழு 2013இல் நோலெசியை மனித ரத்தத்திலேயே தொடர்ந்து வளரும்படி பழக்கியது. பிறகு ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அது இல்லாவிட்டால் ஒட்டுண்ணி குரங்கின் ரத்த அணுவுக்குள் வழக்கம்போல நுழைந்தது, மனித அணுவுக்குள் நுழைய முடியவில்லை. மனிதக் கதவுக்கென்றே ஒரு சாவி.

இன்னொரு பக்கம் மனித அணுவில் ஒரு தடையும் இருக்கிறது. குரங்கின் ரத்த அணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலங்கள் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் இரண்டு வகை உண்டு. மனிதரிடம் ஒன்றுதான். இரண்டாவதை உண்டாக்கும் மரபணு நம் மூதாதையரிடம் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனது. நோலெசியின் பிடிப்புப் புரதங்களில் சில அந்த இல்லாமல்போன வகையைத்தான் தேடுகின்றன. ஹார்வர்டில் மனோஜ் துரைசிங் குழு, செத்துப்போன அந்த மரபணுவை மனித ரத்த அணுக்களில் உயிர்ப்பித்துப் பார்த்தது. நோலெசி அவற்றுக்குள் முன்பைவிட நன்றாக நுழைந்தது. ஒட்டுண்ணி வேறு பிடிப்புகளைப் பயன்படுத்தி இந்தத் தடையைச் சுற்றிப்போகப் பழகினால் மனிதருக்கு இன்னும் ஏற்றதாகிவிடும். அதற்கான அறிகுறி ஏதாவது நோயாளிகளின் மாதிரிகளில் தெரிகிறதா என்று பார்ப்பதே இன்றைய மரபணு வேலையில் முக்கியமான பங்கு.

சோதனையும் தவறும்

மரபணு சொன்னால் தப்பே வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2004இல் வடிவமைத்த அந்த நோலெசிப் பி.சி.ஆர். சோதனையிலேயே ஒரு குறை இருந்தது. சில வைவாக்ஸ் மாதிரிகளிலும் அது ‘நோலெசி உண்டு’ என்று சொல்லிவிடும் என்று 2009இல் தாய்லாந்திலிருந்து வந்த ஆய்வு காட்டியது. வைவாக்ஸும் நோலெசியும் மரபணு அளவில் நெருங்கிய உறவு என்பதால் வந்த குழப்பம். அதன்பின் மேம்பட்ட சோதனைகள் வந்தன. காப்பிட் முடிவு இதனால் கவிழவில்லை. அது இரண்டு மரபணுக்களின் எழுத்து வரிசையைப் படித்துக் கண்ட முடிவு. ஒரே ஒரு பி.சி.ஆர். சோதனையை நம்பி முடிவு எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பூஜ்யம் என்ற எண்

2018இல் மலேசியா ஒரு பெரிய சாதனையைப் பதிவு செய்தது. உள்நாட்டில் பரவிய மனித மலேரியா: பூஜ்யம். பல பத்தாண்டு உழைப்பின் பலன், பாராட்ட வேண்டியது. அதே வருடம் நோலெசி வந்தவர்கள் 4,131 பேர். இறந்தவர்கள் 12 பேர்.

இரண்டு எண்ணும் உண்மை. மனித மலேரியா என்ற கட்டத்தில் நோலெசி அடங்காது என்பதால் பூஜ்யம். ஆனால் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற நோலெசியும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைய வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். நீள்வீட்டில் காய்ச்சலில் நடுங்குகிறவருக்கு அது யாருடைய ஒட்டுண்ணி என்பதால் நடுக்கம் குறைவதில்லை. அதே சமயம் இது மலேசியாவுக்குச் சிரமமான பாடம். குரங்குகளுக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியாது, குரங்குகளைக் கொல்வது வழியும் இல்லை. சபாவின் குடாட், கோத்தா மருடு மாவட்டங்களில் செய்த ஆய்வு, கிராமத்தைச் சுற்றிக் காடு அழிந்த இடங்களில் நோலெசி கூடியதைக் காட்டியது. காடு துண்டு துண்டாகும்போது குரங்கும் கொசுவும் மனிதரும் ஒரே ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். இன்னும் குரங்குகளைத் துரத்தினால் அந்த ஓரம்தான் நெரிசலாகும்.

அப்புறம், நோலெசி மட்டும்தானா? 2014இல் தீபகற்ப மலேசியாவின் திரங்கானுவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. இயற்கையாகத் தொற்றிய பிளாஸ்மோடியம் சைனோமோல்கி, மனிதர் ஒருவரிடம். இதுவும் குரங்கு ஒட்டுண்ணிதான். நுண்ணோக்கியில் இது வைவாக்ஸ் போலவே இருக்கும். மலேரியேவின் பட்டைக்குள் நோலெசி ஒளிந்ததுபோல வைவாக்ஸின் உருவத்துக்குள் இது ஒளிகிறது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு இழை உண்டு. இலங்கையின் செங்குரங்குகளில் சைனோமோல்கியின் ஒரு உள்வகை இருப்பது 1960களிலிருந்தே தெரியும். அந்த நாடு 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றது. நீலகிரியின் குரங்குகளில் மலேரியா இருப்பதை 1961இல் ராமகிருஷ்ணனும் மோகனும் எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து, அதைச் சுமப்பது அனாபிலிஸ் எலிகன்ஸ் கொசு என்று அதே நீலகிரியில் கண்டார்கள். பி.சி.ஆர். என்ற பெயரே பிறக்காத காலத்தில், மரத்தில் ஏறிக் கொசு பிடித்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்த வேலை. அந்தமான் நிக்கோபாரில் நோயாளிகளின் ரத்தத்தில் நோலெசி மரபணு கண்டதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது; நிக்கோபார்த் தீவுகளில் நீள்வால் குரங்குகள் வாழ்கின்றன.

காட்டோரத்திலிருந்து ஒருவர் காய்ச்சலோடு வந்து, தகட்டில் வைவாக்ஸ் என்று எழுதி, ஆனால் அவர் நோயின் போக்கு வைவாக்ஸ் மாதிரி இல்லையென்றால், ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் விட்டுக் காயவைக்க ஐந்து நிமிடம் ஆகாது. காப்பிட்டில் தொடங்கியதும் அப்படித்தான்.